பேச்சு வரும் என்று காத்திருப்பதா, இப்போதே படப்பலகை கொடுப்பதா? (ஆட்டிசம், 6 வயது)

வடவள்ளி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். பேச்சு என்று பார்த்தால் "அம்மா", "தா", அப்புறம் பஸ்ஸில் கேட்ட "டிக்கெட் எடுத்தாச்சா?" இவ்வளவுதான். அந்தக் கடைசி வாக்கியத்தை நாள் முழுக்கச் சொல்வான். வேண்டியதற்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். எனக்குப் புரியாவிட்டால் தலையைச் சுவரில் இடித்துக்கொள்கிறான்.

படத்தைத் தொட்டால் பேசும் ஆப் ஒன்றைப் பற்றி ஒரு ஆசிரியை சொன்னார். நாங்கள் போகும் தெரபி சென்டரில், "அதைப் பழக்கினால் வாயையே திறக்க மாட்டான், எட்டு வயது வரை பொறுங்கள்" என்கிறார்கள். மாமியார், "இவன் அப்பாவே லேட்டாத்தான் பேசினான்" என்கிறார். பள்ளியிலோ டேப்லெட் கொண்டுவரக் கூடாது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அடையாறு தெரபிஸ்ட்

பொறுக்காதீர்கள் அம்மா. இன்றைக்கே தொடங்கலாம்.

நான் பேச்சுப் பயிற்சியாளர். "பேச்சு நின்றுவிடும்" என்ற பயத்தோடு வராத பெற்றோரை நான் பார்த்ததே இல்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் அதை ஏற்கெனவே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம்பகமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் இருந்த 27 பேரில் 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியிருந்தது. மீதிப் பேருக்கு மாற்றம் இல்லை. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. கூடிய அளவு பலருக்குக் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே "இதைக் கொடுத்தால் பேசிவிடுவான்" என்று நான் வாக்குத் தரமாட்டேன். "இதைக் கொடுத்தால் பேச மாட்டான்" என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. தவழ்ந்தால் நடக்க மாட்டான் என்று எந்தக் குழந்தையையும் நாம் தூக்கியே வைத்திருப்பதில்லையே.

படப்பலகை, சைகை, எழுத்து, பேசும் கருவி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஏஏசி என்கிறோம். அதற்குக் குறைந்தபட்ச வயது கிடையாது, இவ்வளவு அறிவு இருந்தால்தான் என்ற அளவுகோலும் கிடையாது. தலையை இடித்துக்கொள்ளும் பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் அவனுக்கு வலிக்கும், பசிக்கும், பயமாக இருக்கும். அதையெல்லாம் எதை வைத்துச் சொல்வான்?

மதுரை அப்பா

தெரபிஸ்ட் மேடம் சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். என் மகளுக்கு ஒன்பது வயது. கடன் வாங்கி டேப்லெட் வாங்கினோம். பிஸ்கட் படம், சிப்ஸ் படம், ஜூஸ் படம் தொடுவாள். அதோடு சரி. அப்புறம் யூடியூப் தேட ஆரம்பித்துவிட்டாள். இப்போது கருவி அலமாரியில் இருக்கிறது. எல்லோரும் ஆசை காட்டுகிறார்கள், வாங்கிய பிறகு எப்படிப் பழக்குவது என்று யாரும் சொல்வதில்லை.

அடையாறு தெரபிஸ்ட்

மதுரை அப்பா சார், உங்கள் கோபம் எங்கள் துறையின் மேல்தான் வரவேண்டும், உங்கள் மகள் மேல் இல்லை. கருவியை விற்றுவிட்டு, குடும்பத்துக்கு எதுவும் கற்றுத்தராமல் அனுப்புவது நிறைய நடக்கிறது.

நீங்கள் சொன்னதை வைத்தே பார்ப்போம். அந்தத் திரையில் தின்பண்டம் மட்டும்தான் இருந்திருக்கிறது. தின்பண்டப் பெயர் மட்டும் தெரிந்தவர் தின்பண்டம் மட்டும்தானே கேட்பார்? "வேணும், வேண்டாம், போதும், இன்னும், நிறுத்து, போ, வா, பிடிக்கும், பிடிக்கலை, உதவி, என்ன, எங்கே, நான், நீ" இவையெல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இடத்தை மாற்றினால் விரலுக்குப் பழகியது போய்விடும்.

இரண்டாவது, நாம் அதில் பேச வேண்டும். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் மகளிடம் "கடைக்குப் போலாமா?" என்று வாயால் சொல்லும்போதே "போ" என்ற படத்தையும் தொட வேண்டும். "அப்பாவுக்கு இது பிடிக்கலை" என்று சொல்லும்போது "பிடிக்கலை"யைத் தொட வேண்டும். அவள் பதிலுக்குத் தொட வேண்டும் என்று எதிர்பார்க்காமல் மாதக்கணக்கில் இதைச் செய்ய வேண்டும். எந்தக் குழந்தையும் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படத்தால் பேசும் பிள்ளைக்குப் படத்தால் பேசுகிறவர் ஒருவரையும் காட்டாமல், "ஏன் பேசவில்லை?" என்று கேட்கிறோம்.

தமிழில் விகுதிகள் ஒட்டிக்கொண்டு வருமே என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். வாயால் முழு வாக்கியம், விரலால் முக்கியமான ஒன்றிரண்டு சொல், அது போதும்.

யூடியூப் விஷயம்: பேசுவதற்கென்று ஒரு கருவி தனியாக இருக்கட்டும், பழைய போனாக இருந்தாலும் பரவாயில்லை. ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஸ்க்ரீன் பின்னிங் போட்டால் அந்த ஆப்பை விட்டு எளிதில் வெளியே போக முடியாது. ஆனால் தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைக்காதீர்கள். பேசுகிற பிள்ளை அடம் பிடித்தால் அதன் நாக்கை யாரும் கட்டிப்போடுவதில்லை.

தட்டச்சில் பேசுபவன்

நான் ஆட்டிசம் உள்ளவன், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆபீஸில் பேசுவேன். கூட்டம், டியூப்லைட் சத்தம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த நாளில் பேச்சு போய்விடும். சொல்ல வேண்டியது தலைக்குள் முழுசாக இருக்கும், வாய் மட்டும் ஒத்துழைக்காது. அப்போது போனில் தட்டச்சு செய்து காட்டுவேன். மருந்துக் கடையில் அப்படிக் காட்டினால், கடைக்காரர் பக்கத்தில் நிற்கும் என் தம்பியிடம், "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பார். எனக்கு வேண்டியதைத்தான் நான் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

வடவள்ளி அம்மா, அந்த "டிக்கெட் எடுத்தாச்சா?"வை அர்த்தமில்லாத உளறல் என்று யாராவது சொல்லியிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். எப்போது சொல்கிறான் என்று கவனித்துப் பாருங்கள். செருப்பைப் பார்த்துச் சொல்கிறானா? வாசலில் நின்றா? வீட்டில் ஆட்கள் அதிகமாகும்போதா? "வெளியே போகலாம்" என்றோ "இங்கிருந்து கிளம்பணும்" என்றோ இருக்கலாம். கேட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது எங்களில் பலருக்கு மொழி தொடங்கும் வழி. பேரி பிரிசன்ட், ஜூடித் டூச்சன் என்ற இருவர் இதை 1981லேயே ஆராய்ந்து, கேட்டதை உடனே அப்படியே திருப்பிச் சொல்வதற்குப் பல நோக்கங்கள் இருக்கின்றன, சில சமயம் அது ஆமாம் என்ற பதில், சில சமயம் கேட்டு வாங்குவது, சில சமயம் தன்னைத்தானே நிதானப்படுத்திக்கொள்வது என்று காட்டினார்கள். இன்றும் பல இடங்களில் "அப்படிச் சொல்லாதே" என்று அதட்டி நிறுத்துகிறார்கள். கையில் இருக்கும் ஒரே வாக்கியத்தையும் பறித்துக்கொண்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்?

அப்புறம், "கண்ணைப் பார்த்துப் பேசு." என் பள்ளிக் காலம் முழுக்க இதைக் கேட்டேன். கண்ணைப் பார்க்கும்போது எனக்குக் காதில் எதுவும் ஏறாது. ஒன்று பார்க்கலாம், இல்லை கேட்கலாம். கையை அசைத்தால் பிடித்து மடியில் வைப்பார்கள். அந்த அசைவும் ஒரு செய்திதான்: அதிகமாகிவிட்டது, கொஞ்சம் விடுங்கள் என்ற செய்தி.

புரியவைக்கும் வேலை முழுவதும் எங்கள் தலையில் விழுவது எனக்குப் பெரிய வருத்தம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012ல் இதைப் பற்றி எழுதினார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் குறை என்று சொல்வது சரியில்லை என்பது அவர் வாதம். 2020ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு சோதனை செய்தது. ஒருவர் கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, கதை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையும், எல்லோரும் இல்லாதவர்களாக இருந்த வரிசையும் ஒரே மாதிரி நன்றாகச் செய்தன. இருவகையினரும் கலந்திருந்த வரிசையில்தான் கதை அதிகம் தொலைந்தது.

நெல்லை சிறப்பாசிரியர்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன், வட்டார வள மையம் வழியாக. ஐபேட் என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் ஊரில் பெற்றோர் எழுந்து போய்விடுவார்கள். அதனால் முதலில் காகிதம்.

ஒரு ஏ4 தாள், கட்டங்கள், படங்கள், கீழே சொல். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்தால் சில பத்து ரூபாயில் முடிந்துவிடும். மூன்று நான்கு பிரதி எடுங்கள்: சமையலறை, குளியலறை, புத்தகப்பை, பாட்டி வீடு. தண்ணீர் பட்டாலும் சார்ஜ் தீர்ந்தாலும் இது பேசும். படம் வரையத் தெரியாவிட்டால் வீட்டுத் தட்டு, வீட்டுக் கட்டில், வீட்டு நாய் என்று போட்டோ எடுத்து ஒட்டலாம். "வலிக்குது" கட்டாயம் இருக்கட்டும், பக்கத்திலேயே உடம்புப் படம் ஒன்று. சாப்பிட மறுத்து, அடித்து, கடித்து, "குணம் சரியில்லை" என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கடைசியில் பல்வலி என்று கண்டுபிடித்த கதைகள் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன.

ஆப் வேண்டும் என்பவர்களுக்கு: அவாஸ் நம் சென்னையில் உருவானது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான வித்யாசாகர் நிறுவனத்துப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் வேலை செய்து கொண்டுவந்தார். தமிழிலும் வருகிறது, கட்டணம் உண்டு. இலவசம் என்றால் ஐஐடி பம்பாயில் உருவான ஜெல்லோவைப் பாருங்கள்.

ஸ்கார்பரோ தாய்

நெல்லை சார், குரல் பற்றி ஒரு சந்தேகம். நாங்கள் கனடாவில் இருக்கிறோம், சொந்த ஊர் யாழ்ப்பாணம். ஆப்பில் வரும் தமிழ் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. பிள்ளை "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று கேட்டால் அம்மம்மாவே சிரிக்கிறா. இன்னொன்று, இங்கே பள்ளியில் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லினம். இரண்டு மொழி என்றால் பிள்ளை குழம்பிப் போகுமாம்.

அடையாறு தெரபிஸ்ட்

இரண்டு மொழியால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி கெடுகிறது என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. வீட்டுத் தமிழை நிறுத்தினால் பிள்ளை அம்மம்மாவோடு பேசும் வழி அடைந்துபோகும். உங்களுக்கே சரளமாக வராத மொழியில் பிள்ளையைக் கொஞ்சவும் முடியாது. இங்கே சென்னையிலும் "இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மொழிக்கும் இரண்டு பக்கம் வையுங்கள்.

குரலுக்கு வழி இருக்கிறது. பல ஆப்களில் சொந்தமாக ஒலிப்பதிவு செய்து போடலாம். உங்கள் ஊர்ப் பேச்சில், பிள்ளை வயதை ஒட்டிய மச்சாள் யாரையாவது "தண்ணி வேணும்" என்று பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். ஆறு வயதுப் பெண்ணுக்கு நாற்பது வயது ஆணின் குரல் வேண்டாம்.

கும்பகோணம் சித்தி

ஒரு கேள்வி, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்கா மகனுக்குப் பதினாறு வயது, பேச்சு இல்லை. ஒரு பயிலரங்கில் எழுத்துப் பலகையைப் பயிற்சியாளர் கையில் பிடித்திருக்க, பிள்ளைகள் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் கவிதையே எழுதுவதைக் காட்டினார்கள். அக்கா அழுதுவிட்டாள். சேர்ப்பதற்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். சேரலாமா?

அடையாறு தெரபிஸ்ட்

இதில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உதவியாளர் கையையோ முழங்கையையோ பிடித்துத் தட்டச்சு செய்யவைக்கும் முறை ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி கிராஸ்லி தொடங்கியது, டக்ளஸ் பிக்லன் வழியாக 1990 வாக்கில் அமெரிக்காவில் பரவியது. பிறகு சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம் காட்டினால், வந்து விழுந்த எழுத்து உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அவர்கள் ஏமாற்றவில்லை, தாங்கள்தான் எழுதுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அந்த எழுத்தை வைத்துப் பெற்றோர் மேல் பொய்யான பாலியல் புகார்கள்கூட எழுந்தன. உதவியாளர் பலகையைப் பிடித்திருக்கும் முறை சோமா முகோபாத்யாய் தம் மகனுக்காக உருவாக்கியது. 2018ல் அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் இந்த இரண்டு முறைகளையும் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது.

தட்டச்சில் பேசுபவன்

இங்கே எனக்கு ஒரு கவலை இருக்கிறது. இந்த முறைகள் தவறு என்று சொல்லிவிட்டு, "ஆகவே பேசாத பிள்ளைக்குள் ஒன்றுமில்லை" என்று அடுத்த வரியை எழுதிவிடுகிறார்கள். அது வேறு விஷயம். யார் தொடுகிறார்கள் என்ற சந்தேகம் உதவியாளரைப் பற்றியது. அந்தப் பதினாறு வயதுப் பையனுக்குச் சொல்ல இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருவரின் பெயரில் இன்னொருவர் பேசுவது அவரைப் பேசவிடாமல் செய்வதற்குச் சமம். அதனால்தான் இதில் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன்.

அடையாறு தெரபிஸ்ட்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சித்தி, அந்தத் தொகையைக் கட்டாதீர்கள். பலகையை மேசையிலோ ஸ்டாண்டிலோ நிறுத்துங்கள், யாரும் கையைத் தொடாமல் அவனே தொடட்டும். துல்லியம் குறைவாக இருந்தால் பெரிய கட்டம், குறைந்த சொற்கள், விரல் சரியான கட்டத்தில் விழ, பலகைமேல் வைக்கும் துளையிட்ட சட்டகம். எழுத்தும் கற்றுக்கொடுங்கள். பதினாறு வயது தாமதம் இல்லை. கவிதை வராமல் "போ" என்று மட்டும் வந்தாலும் அது அவனுடையது.

மதுரை அப்பா

"போ" என்றால் போய்விட வேண்டுமா? என் மகள் பல் தேய்க்க "வேண்டாம்" என்பாள், மருந்துக்கும் "வேண்டாம்" என்பாள்.

தட்டச்சில் பேசுபவன்

நல்ல கேள்வி அண்ணா. பல் தேய்க்கத்தான் வேண்டும். ஆனால் "வேண்டாம்னு சொல்றே, கேட்டுச்சு. பேஸ்ட் எரியுதா? வேற பேஸ்ட் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செய்வதும், கேட்காத மாதிரி தாடையைப் பிடிப்பதும் ஒன்றில்லை. விடக்கூடிய இடங்களில் உண்மையாகவே விட்டுவிடுங்கள். மாமா கன்னத்தைக் கிள்ளுவது, பிடிக்காத சட்டை, விருந்தாளி முன்னால் பாட்டுப் பாடச் சொல்வது. இங்கெல்லாம் அவளுடைய "வேண்டாம்" வெல்ல வேண்டும். எந்த "வேண்டாம்"முமே பலிக்காவிட்டால் அந்தப் படத்தைத் தொடுவதை நிறுத்திவிடுவாள், கடிக்கத் தொடங்குவாள்.

இரு மகள்களின் அம்மா

இதோடு சேர்த்து ஒன்று. பலகையில் உடம்பின் எல்லா உறுப்புகளும் இருக்க வேண்டும், மறைவிடங்களும். "தொடாதே", "யாரோ தொட்டாங்க", "பயமா இருக்கு" இவையும். பெரும்பாலான தமிழ்ப் பலகைகளில் இவை கிடையாது, அச்சடிக்கவே கூச்சப்படுகிறோம். சொல்ல வழியில்லாத பிள்ளை என்று தெரிந்தேதான் கெட்டவன் தேர்ந்தெடுக்கிறான்.

சட்டம் படித்தவன்

அக்கா சொன்னதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2012ன் போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாற்றுத்திறனுள்ள குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சிறப்பாசிரியரையோ, அந்தக் குழந்தை தொடர்புகொள்ளும் முறை தெரிந்தவரையோ உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அவரவர் விரும்பும் மொழியிலும் முறையிலும் சாட்சியத்தைப் பதிவு செய்ய வசதி செய்ய வேண்டும் என்கிறது.

பள்ளிக்கும் அதே 2016 சட்டம்தான். ஆட்டிசம் அதில் வரும் 21 வகைகளில் ஒன்று. 1995ன் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2(எஃப்) பிரிவில், தொடர்புகொள்ளுதல் என்பதற்குள் ஏஏசி முறைகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் தனித்தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. 17(எஃப்) ஏஏசியைப் பள்ளிக் கல்வியில் ஊக்குவிக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்காக இந்தியா 2007ல் ஏற்றுக்கொண்ட ஐநா உடன்படிக்கையின் 21ஆம் பிரிவில் இது கருத்துரிமையின் பகுதியாகவே வருகிறது.

வடவள்ளி அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று நெல்லை சார் சொன்னபடி பிரின்ட் எடுத்துவிட்டேன். "டிக்கெட் எடுத்தாச்சா"வையும் கவனித்தேன், விருந்தாளி வரும்போதுதான் அதிகம் சொல்கிறான். அதற்கு ஒரு படம் போட்டு "வெளியே போலாம்" என்று கீழே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கு என்ன எழுதிக் கொடுப்பது? "மற்றப் பிள்ளைகளும் டேப்லெட் கேட்பார்கள்" என்பதுதான் அவர்களுடைய ஒரே பதில்.

சட்டம் படித்தவன்

சண்டை தொனி இல்லாமல், ஆனால் எழுத்தில் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"என் மகனுக்கு ஆட்டிசம் உள்ளது. அவன் பேசுவதற்குப் படப்பலகையையும் பேசும் கருவியையும் பயன்படுத்துகிறான். இது விளையாட்டுப் பொருளோ பாடக் கருவியோ அல்ல, அவனுடைய பேச்சு. வகுப்பு, உணவு இடைவேளை, விளையாட்டு நேரம், கழிவறை செல்லும் நேரம் உட்பட நாள் முழுவதும் அது அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16ன்படி இந்த வசதியைக் கோருகிறேன். கருவியில் வேறு எந்தச் செயலியும் திறக்காதபடி பூட்டித் தருகிறேன். வகுப்பாசிரியருக்கு அதைப் பயன்படுத்தும் முறையைக் காட்ட ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள்."

யூடிஐடி அட்டையின் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகலை இணையுங்கள், அட்டை இல்லையென்றால் மருத்துவச் சான்று. தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக உங்கள் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்தது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கு மேல் மாநில ஆணையர்.

நெல்லை சிறப்பாசிரியர்

அந்த ஒரு நாளில் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பெஞ்சில் கூட உட்காரும் பிள்ளைகளுக்கும் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். லேமினேட் பிரதி ஒன்று வகுப்புச் சுவரில் இருக்கட்டும், அவன் உயரத்தில்.

வடவள்ளி அம்மா

சரி சார். திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுக்கிறேன், என்ன சொன்னார்கள் என்று இதே இழையில் எழுதுகிறேன்.